எரிச்சல் அடங்கினால் போதுமா?



இன்றைய பாடம் ஒரு மாத்திரையைப் பற்றியது. இதைக் ‘கேஸ் மாத்திரை’ என்கிறோம். ‘அசிடிட்டி மாத்திரை’ என்றும் சொல்கிறோம். தாராவியில் இதை அறியாதவர் குறைவு. நெஞ்சு எரிந்தால் ஒன்று. வயிறு உப்பினால் ஒன்று. புளித்த ஏப்பம் வந்தால் ஒன்று.

இது நல்ல மருந்துதான். பல பேரைக் காப்பாற்றிய மருந்து. ஆனால் எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்று தெரிந்து சாப்பிட வேண்டும். தெரியாமல் சாப்பிட்டால் என்ன ஆகும்? முதலில் ஒரு கதை. எங்கள் தெருவில் நடந்த உண்மைக் கதை.

இட்லி அக்கா

எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். நாங்கள் அவரை ‘இட்லி அக்கா’ என்போம். ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

இரவு 2 மணிக்கு அக்கா எழுந்துவிடுவார். அடுப்பு மூட்டுவார். இட்லி அவிப்பார். சட்னி அரைப்பார். விடியும் முன்னே அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் இட்லியை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். மாட்டுங்கா, தாதர் வரை போவார். மும்பை முழுவதும் காலையில் இட்லி தின்கிறது. அந்த இட்லியில் பெரும் பங்கு தாராவியில் வெந்தது.

ஊருக்கே சோறு போடும் அக்கா, தான் சாப்பிட 11 மணி ஆகும். அதுவரை டீதான். மூன்று, நான்கு கட்டிங் சாய். சாப்பிட்ட உடனே படுத்துவிடுவார். உடம்பு கேட்காதல்லவா?

நின்று நின்று அக்காவுக்கு முழங்கால் வலி. மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை கேட்டு வாங்குவார். தினம் ஒன்று. சில நாள் இரண்டு. சில மாதத்தில் மேல் வயிறு எரியத் தொடங்கியது.

ஒரு நாள் வகுப்பில் என்னிடம் சொன்னார்.

“தங்கச்சி, வயித்துல தீ வச்ச மாதிரி இருக்கு.”

“ஒரு கேஸ் மாத்திரை போடுங்க அக்கா, சரியாயிடும்” என்றேன்.

ஆமாம். சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அக்கா போட்டார். எரிச்சல் அடங்கியது. மறுநாளும் போட்டார். வலிக்கு ஒன்று, எரிச்சலுக்கு ஒன்று என்று இரண்டு ஆண்டு ஓடியது. இடையில் கையில் காசு இல்லாத நாட்களில் கேஸ் மாத்திரையை விட்டுவிடுவார். வலி மாத்திரையை மட்டும் விடமாட்டார். வேலை நடக்க வேண்டுமே!

ஒரு மாலை அக்கா வகுப்புக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. சிலேட்டைப் பிடித்த கை நடுங்கியது.

“என்ன அக்கா, உடம்புக்கு என்ன?”

அக்கா என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். “மூணு நாளா வெளிக்குப் போறது கறுப்பா இருக்கு. தார் மாதிரி. எழுந்தா கண்ணு இருட்டுது.”

பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார். அவருக்குக் காது கூர்மை. “ஏ புள்ளே, இது ரத்தம்! வயித்துக்குள்ள ரத்தம் போகுது. எந்திரி, எந்திரி” என்றார். வகுப்பு அன்றோடு நின்றது. ஆட்டோ பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

“என்ன மாத்திரை?”

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான். “இதுவரை என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?”

அக்கா சொன்னார்: “ஒண்ணு வெள்ளை. ஒண்ணு மஞ்சள்.”

“பெயர்?”

அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அட்டையும் கையில் இல்லை. வீட்டுக்காரர் திரும்பி ஓடி, அரிசி டப்பா மேல் கிடந்த அட்டையைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது.

அக்காவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். இதற்கு எண்டோஸ்கோப்பி என்று பெயர். இரைப்பையில் ஒரு புண். அந்தப் புண்ணிலிருந்துதான் ரத்தம் கசிந்தது.

அக்கா பிழைத்தார். ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. இந்தப் பாடத்தை எழுதுவதும் அதனால்தான்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

நாம் தின்னும் சோறு உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. இரைப்பை ஒரு பை. அந்தப் பையில் அமிலம் சுரக்கிறது. அமிலம் என்றால் ஆசிட். ஆம், நம் வயிற்றுக்குள்ளேயே ஆசிட் இருக்கிறது.

இந்த அமிலம் நமக்குத் தேவை. இது உணவைச் செரிக்க உதவுகிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்கிறது.

அமிலம் இரைப்பையை அரிக்காதா? அரிக்காது. இரைப்பையின் உள்பக்கம் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. மண்பானைக்கு உள்ளே மெழுகியது போல. அந்தப் பூச்சு நன்றாக இருக்கும் வரை கவலை இல்லை.

இரண்டு இடத்தில் தொல்லை வரலாம்.

ஒன்று, மேலே. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு கதவு போன்ற தசை உண்டு. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். உணவுக்குழாயில் வழவழப்புப் பூச்சு அவ்வளவு இல்லை. அதனால் நெஞ்சு எரியும். புளித்த நீர் தொண்டைக்கு வரும். குனிந்தால், படுத்தால் அதிகமாகும். இது நெஞ்செரிச்சல்.

இரண்டு, உள்ளே. இரைப்பையின் பூச்சு சிதைந்தால் அமிலம் சதையை அரிக்கும். குழி விழும். இது வயிற்றுப்புண். அல்சர் என்று சொல்வதும் இதைத்தான். சிறுகுடல் தொடங்கும் இடத்திலும் இந்தப் புண் வரும். மேல் வயிற்றில் எரிச்சலும் வலியும் இருக்கும். சிலருக்கு வலியே இல்லாமலும் இருக்கும். அது இன்னும் ஆபத்து.

புண் ஏன் வருகிறது?

“காரம் தின்றாய், புண் வந்தது” என்கிறோம். “கவலைப்பட்டாய், புண் வந்தது” என்கிறோம். முன்பு டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆஸ்திரேலியா நாட்டில் பெர்த் என்று ஒரு நகரம். அங்கே ராபின் வாரன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1979-இல் அவர் நோயாளியின் இரைப்பைச் சதையைப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தார். வளைந்த கிருமிகள் தெரிந்தன. அமிலத்தில் கிருமி வாழுமா? யாரும் நம்பவில்லை.

பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்கப் பார்த்தார்கள். வளரவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. தட்டுகள் வழக்கத்தை விடச் சில நாள் கூடுதலாகக் கிடந்தன. விடுமுறை முடிந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது!

அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. அவர் இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது. அதில் அதே கிருமி இருந்தது. பிறகு மருந்து சாப்பிட்டார்.

அந்தக் கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு.

முதல் காரணம் இந்தக் கிருமி. நம் நாட்டில் ஏராளமானவர் வயிற்றில் இது இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் புண் வருவதில்லை. சிலருக்கு வருகிறது.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை வலியைக் குறைக்கும். ஆனால் இரைப்பையின் பூச்சையும் கெடுக்கும். தினமும் போட்டால் ஆபத்து கூடும். நடுவயது தாண்டியவருக்கு இன்னும் கூடும்.

பீடி, சிகரெட், சாராயம் ஆகியவை புண்ணை ஆறவிடாது. காரம் எரிச்சலைக் கிளப்பும். ஆனால் காரம் மட்டும் புண்ணை உண்டாக்குவதில்லை.

இட்லி அக்காவுக்கு இரண்டு காரணமும் இருந்தது. வலி மாத்திரையும் இருந்தது. சோதித்ததில் கிருமியும் இருந்தது. கேஸ் மாத்திரை எரிச்சலை அடக்கியது. கிருமியைக் கொல்லவில்லை. வலி மாத்திரையை நிறுத்தவும் சொல்லவில்லை. புகை தெரியாமல் ஜன்னலை மூடினால் நெருப்பு அணைந்துவிடுமா?

மூன்று வகை மருந்து

எல்லாவற்றையும் ‘கேஸ் மாத்திரை’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் மூன்று வகை உண்டு.

முதல் வகை: இருக்கிற அமிலத்தை முறிப்பது. ஜெலுசில், டைஜீன் போன்றவை. தண்ணீர் மருந்தாகவும், மென்று தின்னும் மாத்திரையாகவும் வரும். சில நிமிடத்தில் வேலை செய்யும். சீக்கிரமே தீர்ந்தும் போகும். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு இது போதும். சிலருக்கு வயிறு இளகும். சிலருக்கு மலம் கட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது.

ஈனோவும் சமையல் சோடாவும் அமிலத்தை முறிப்பவையே. ஆனால் இவற்றில் உப்புச் சத்து அதிகம். பி.பி., இதய நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

இரண்டாம் வகை: அமிலம் சுரப்பதைக் குறைப்பது. ஃபாமோடிடின், ரானிடிடின் ஆகியவை. சில மணி நேரம் வேலை செய்யும். இதில் ரானிடிடின் பற்றி ஒரு செய்தி. 2019-இல் அதில் ஒரு மாசு இருப்பது தெரிந்தது. அந்த மாசு புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படுகிறது. வெப்பத்தில் வைத்தால் மாசு கூடுகிறது. 2020-இல் அமெரிக்க அரசு அதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. 2022-இல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. நீங்கள் அதை நெடுநாள் சாப்பிட்டு வந்தால் பயப்பட வேண்டாம். டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.

மூன்றாம் வகை: அமிலம் சுரக்கும் பம்பையே அடைப்பது. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல், ராபெப்ரசோல், எசோமெப்ரசோல். நான்கும் ஒரே குடும்பம். பெயரின் கடைசியைப் பாருங்கள். எல்லாம் ‘ப்ரசோல்’ என்று முடிகிறது. இதுதான் மூன்றில் வலுவானது. புண்ணை ஆற்ற டாக்டர்கள் தருவது பெரும்பாலும் இதுதான்.

எப்போது சாப்பிட வேண்டும்?

‘ப்ரசோல்’ குடும்ப மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறோம். எரியும்போது போடுகிறோம். இரண்டும் தவறு.

நாம் சாப்பிடும்போதுதான் அமில பம்புகள் விழிக்கின்றன. விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு.

“எனக்குக் காலைச் சாப்பாடே 11 மணிக்குத்தானே!” என்று இட்லி அக்கா கேட்டார். நல்ல கேள்வி. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், சாப்பாட்டைப் பாருங்கள் என்றார் டாக்டர். 11 மணிக்குச் சாப்பிட்டால் பத்தரை மணிக்கு மாத்திரை. இரவு வேலை பார்ப்பவருக்கும் இதே கணக்குதான்.

இந்த மாத்திரையைக் கடிக்கக் கூடாது. பொடிக்கக் கூடாது. மேலே ஒரு பூச்சு உண்டு. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும். முழுசாக விழுங்குங்கள்.

முதல் நாளே முழுக் குணம் தெரியாது. சில நாள் ஆகும். தெரியவில்லை என்று இரண்டாகப் போடாதீர்கள்.

எத்தனை நாள்?

நீங்களாக வாங்கிச் சாப்பிட்டால் 2 வாரத்துக்கு மேல் வேண்டாம். 2 வாரத்தில் அடங்கவில்லை என்றாலும், அடங்கித் திரும்ப வந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

புண் என்று தெரிந்தால் பொதுவாக 4 முதல் 8 வாரம் வரை தருவார்கள். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. வலி முதலில் போகும். புண் பிறகுதான் ஆறும்.

கிருமி இருந்தால் கிருமியைக் கொல்லும் மருந்துகளும் சேர்ந்து வரும். பொதுவாக 14 நாள். மாத்திரை அதிகமாக இருக்கும். வாய் கசக்கும். ஆனால் ஒரு வேளையும் விடக் கூடாது. விட்டால் கிருமி தப்பிவிடும். அடுத்த முறை அதே மருந்துக்குச் சாகாது.

கிருமிச் சோதனைக்குப் போகும் முன், கேஸ் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை கிருமியை மறைத்து, ‘இல்லை’ என்று தவறாகக் காட்ட வைக்கலாம்.

பல ஆண்டு தொடர்ந்து சாப்பிட்டால் என்ன? சிலருக்கு பி12 என்ற சத்து குறையும். மெக்னீசியம் குறையும். எலும்பு முறியும் ஆபத்து கொஞ்சம் கூடும். வயிற்றுப்போக்குக் கிருமிகள் எளிதாக வரலாம். காவலுக்கு இருந்த அமிலம் குறைந்துவிட்டதல்லவா? ஆனால் சிலருக்கு நெடுநாள் மருந்து உண்மையாகவே தேவை. அவர்கள் டாக்டர் சொல்லும் வரை சாப்பிட வேண்டும்.

நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் அமிலம் பொங்கி வரும். சில வாரம் எரியும். ‘நோய் திரும்பிவிட்டது’ என்று பயந்து மறுபடி போடுவார்கள். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

மற்ற மருந்தோடு சேருமா?

டி.பி. மருந்து சாப்பிடும் சிலருக்கு வயிறு குமட்டும். உடனே ஜெலுசில் குடிப்பார்கள். இது தவறு. அமிலம் முறிக்கும் மருந்து, டி.பி. மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். டி.பி. மருந்து தரும் இடத்தில் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இரும்புச் சத்து மாத்திரை, சில கிருமிக்கொல்லி மருந்துகள் ஆகியவையும் அப்படித்தான். இடையில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் விடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரல் சாப்பிடும் இதய நோயாளிகள் ஓமெப்ரசோலைத் தாங்களாக வாங்கக் கூடாது. டாக்டர் வேறு மாத்திரை தருவார். இதயத்துக்காக டாக்டர் தந்த ஆஸ்பிரினைப் புண்ணுக்குப் பயந்து நீங்களாக நிறுத்தவும் கூடாது. இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிச்சல் அதிகம் வரும். அவர்களும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

அட்டையைப் படிப்போம்

இப்போது ஆளுக்கு ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கும். பயம் வேண்டாம். நான்கு விஷயம் தேடினால் போதும்.

1. பெயர். இரண்டு பெயர் இருக்கும். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். மருந்தின் சொந்தப் பெயர் இன்னொரு இடத்தில் இருக்கும். கம்பெனிப் பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்து இருக்கலாம். இரண்டையும் வாங்கிச் சேர்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

2. கடைசி எழுத்து. ‘பான்’ வேறு. ‘பான்-டி’ வேறு. ‘ஓமெஸ்’ வேறு. ‘ஓமெஸ்-டி’ வேறு. ‘டி’ என்ற ஓர் எழுத்து கூடினால் உள்ளே டாம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் கூடுகிறது. அது வாந்திக்கான மருந்து. சில இதய நோயாளிகளுக்கு அது ஆகாது. ஒரே ஓர் எழுத்து! படிப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது.

3. அளவு. 20 அல்லது 40 என்று எண் இருக்கும். இது மருந்தின் அளவு. டாக்டர் 20 எழுதினால் 40 வாங்கக் கூடாது.

4. தேதி. இ.எக்ஸ்.பி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். 03/28 என்றால் 2028 மார்ச் முடியும் வரை. அதன் பிறகு ஆகாது.

மெடிக்கலில் நான்கு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். தேதியும் பெயரும் மிச்சத் துண்டில் போய்விடும். “பெயரும் தேதியும் தெரியிற மாதிரி வெட்டிக் கொடுங்க” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆர்.எக்ஸ். என்ற குறி இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு உரிய மருந்து. ஓமெப்ரசோலும் பான்டோப்ரசோலும் அப்படிப்பட்டவைதான்.

வாங்கியதும் ஒரு சின்னக் காகிதத்தில் தமிழில் எழுதி அட்டையோடு ரப்பர் பேண்டு போடுங்கள். “அம்மா – வயிற்றுப்புண் – காலை, சாப்பாட்டுக்கு அரை மணி முன் – 8 வாரம்.” இதை எழுத இப்போது உங்களால் முடியும்.

நம் வீடுகளில் தகரக் கூரை. வெயிலில் கொதிக்கும். மருந்தை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். பரணிலும் வைக்காதீர்கள். அலமாரியில், ஈரம் படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடிய டப்பாவில் வையுங்கள்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அடையாளங்கள்

• மலம் தார் போலக் கறுப்பாகப் போவது. இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும். சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள்.
• ரத்த வாந்தி. அல்லது காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி.
• திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி. வயிறு பலகை போல இறுகுவது.
• மயக்கம், முகம் வெளுப்பது.

இவற்றுக்குக் கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

விழுங்கும்போது சோறு சிக்குவது, காரணமின்றி உடம்பு இளைப்பது, அடிக்கடி வாந்தி ஆகியவை இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். நெஞ்சு வலியை ‘கேஸ்’ என்று நினைத்து உயிரை விட்டவர்கள் உண்டு. நெஞ்சு அழுத்துகிறதா? வலி இடது கைக்கோ தாடைக்கோ போகிறதா? வியர்க்கிறதா? மூச்சு வாங்குகிறதா? அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா தேடாதீர்கள்.

மருந்தில்லாமல் நாம் செய்யக் கூடியவை

சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். 2, 3 மணி நேரம் போகட்டும். ஒரேயடியாக வயிறு முட்டத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுங்கள். படுக்கும்போது இடது பக்கம் சாய்ந்து படுங்கள். போர்வைகளை மடித்து முதுகின் மேல்பாதியோடு தலையும் உயரும்படி வையுங்கள். தலையணை மட்டும் உயர்ந்தால் போதாது. இடுப்பை இறுக்கிக் கட்டாதீர்கள்.

எந்த உணவு உங்களுக்கு எரிகிறதோ அதைக் குறையுங்கள். ஒருவருக்கு டீ. ஒருவருக்கு வடா பாவ். எல்லோருக்கும் ஒரே பத்தியம் இல்லை. பால் குடித்தால் கொஞ்ச நேரம் குளிரும். பிறகு அமிலம் கூடச் சுரக்கும். பால் மருந்து ஆகாது.

பீடி, புகையிலை, சாராயம் விடுங்கள். வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தினமும் போடாதீர்கள்.

எங்கே போவது? தாராவியில் மாநகராட்சியின் சுகாதார நிலையம் இருக்கிறது. ‘சோட்டா சயான்’ என்றால் ஆட்டோக்காரர் எல்லோருக்கும் தெரியும். பெரிய தொல்லைக்குச் சயான் ஆஸ்பத்திரி. போகும்போது பழைய கேஸ் பேப்பரும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.

இன்று இட்லி அக்கா

அக்காவின் புண் ஆறிவிட்டது. கிருமி மருந்தை 14 நாளும் விடாமல் சாப்பிட்டார். சுவரில் 14 கோடு போட்டு, தினம் ஒன்றாக அடித்தார். முழங்காலுக்கு இப்போது டாக்டர் சொன்ன பயிற்சி செய்கிறார். அதிகம் வலித்தால் பாரசிட்டமால், அதுவும் கேட்டுத்தான். முதல் ஈடு வெந்ததும் இரண்டு இட்லி தின்றுவிட்டுத்தான் அடுத்த ஈடு ஊற்றுகிறார்.

போன வாரம் வகுப்பில் பக்கத்து வீட்டு மதினி சொன்னார்: “நெஞ்சு எரியுது. ஒரு கேஸ் மாத்திரை போட்டாச் சரியாயிடும்.”

நான் வாயைத் திறக்கும் முன்னே அக்கா கேட்டார். “எத்தனை நாளா எரியுது மதினி? வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அட்டை எங்க? கொண்டாங்க, பார்ப்போம்.”

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி.

நினைவில் வைப்போம்

1. எரிச்சல் அடங்கினால் நோய் போய்விட்டது என்று பொருள் இல்லை.
2. ‘ப்ரசோல்’ மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். கடிக்காமல் விழுங்க வேண்டும்.
3. 2 வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.
4. தினமும் வலி மாத்திரை போட்டால் வயிற்றுப்புண் வரலாம்.
5. கறுப்பு மலம், ரத்த வாந்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி.
6. அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

வகுப்பில் பேசுவோம்

1. இட்லி அக்காவுக்குப் புண் வர என்னென்ன காரணங்கள்?
2. உங்கள் வீட்டில் யார் வலி மாத்திரை சாப்பிடுகிறார்கள்? எத்தனை நாளாக?
3. மெடிக்கலில் மாத்திரை வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்? இருவர் கடைக்காரராகவும் வாங்குபவராகவும் நடித்துக் காட்டுங்கள்.

எழுதுவோம்

1. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: புண்ணை உண்டாக்கும் முக்கியக் காரணங்கள் ________ மற்றும் ________.
2. அட்டையில் 11/27 என்று இருக்கிறது. எந்த மாதம், எந்த ஆண்டு வரை சாப்பிடலாம்?
3. நீங்கள் பகல் 12 மணிக்கு முதல் சாப்பாடு சாப்பிடுகிறீர்கள். ஓமெப்ரசோல் மாத்திரையை எப்போது போடுவீர்கள்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருந்துக்குத் தமிழில் சீட்டு எழுதி ஒட்டுங்கள். யாருக்கு, எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்று நான்கும் இருக்கட்டும்.